தொட்டிலுக்கு முன் ஒரு கணக்கு

பிள்ளை பிறக்கும் முன் தொட்டில் வாங்கக்கூடாது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கணக்குப் பார்க்கக்கூடாது என்று அவர்கள் சொன்னதில்லை.

சிங்கப்பூரில் மணமுடித்து ஓராண்டான ஓர் இளம் தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு வயது 29, மனைவிக்கு 27. மண்டபம், விருந்து, நகை என்று ஒரு கடன். வீவக வீட்டுச் சாவி கிடைத்ததும் புதுப்பிப்புப் பணிக்கு இன்னொரு கடன். வீட்டுத் தவணை மத்திய சேமநிதியிலிருந்து போய்விடுவதால் கையில் பணம் இருப்பதுபோலவே தோன்றும். அந்த நேரம் பார்த்து, "விசேஷம் உண்டா?" என்று உறவினர்கள் கேட்க ஆரம்பிப்பார்கள்.

அரசாங்கம்தான் கொடுக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். உண்மைதான். 2023 பிப்ரவரி 14 முதல் பிறக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களில் முதல் பிள்ளைக்குக் குழந்தை போனஸ் ரொக்கம் 11,000 வெள்ளி. ஆனால் அது மொத்தமாக வருவதில்லை. பிறப்பைப் பதிந்த சில நாளில் 3,000 வெள்ளி, 6வது மாதமும் 12வது மாதமும் 1,500, 18வது மாதம் 1,000. பிறகு பிள்ளைக்கு ஆறரை வயதாகும் வரை அரையாண்டுக்கு ஒருமுறை 400 வெள்ளி. மாதக் கணக்கில் அது 67 வெள்ளிகூட இல்லை. பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் விழும் 5,000 வெள்ளியைப் பராமரிப்பு நிலையக் கட்டணம், மருத்துவம் போன்றவற்றுக்குத்தான் பயன்படுத்தலாம். கடன்பற்று அட்டை பாக்கிக்கு அது ஆகாது.

மகப்பேறு விடுப்பு 16 வாரம். அது முடிந்ததும், "இன்னும் கொஞ்ச நாள் பிள்ளையுடன் இருக்கிறேனே" என்று மனைவி சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் என்ன ஆகும்? சம்பளம் நிற்பது எல்லாருக்கும் தெரியும். கூடவே சேமநிதிச் சந்தாவும் நிற்கிறது. முன்பணத்துக்கே சேமநிதியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டவர்கள், வீட்டுத் தவணையில் அவர் பங்கை ரொக்கமாகக் கட்ட வேண்டிவரும். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

அதைவிடச் சிக்கலானது, சொல்லாமல் வைத்திருக்கும் பணம். கணவர் தம்பியின் படிப்புக்கு மாதாமாதம் கொடுத்து வருவார். மனைவி தம் அப்பாவின் மருத்துவமனைச் செலவைத் தவணையில் கட்டிக்கொண்டிருப்பார். ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. பால்மாவும் டயப்பரும் வாங்கும் மாதத்தில்தான் அது வெளியே வரும். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்ற பேச்சு, "உங்க வீடு, எங்க வீடு" என்று போய் நிற்கும். பெற்றோருக்குக் கொடுப்பது தவறே அல்ல. மறைத்துக் கொடுப்பதில்தான் வம்பு.

ஆறு மாதம் ஒரு சம்பளத்தில் வாழ்ந்து பார்க்கலாம். மற்றதைத் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து கடனை மட்டும் அடைக்கலாம். நான்காம் மாதமே முடியவில்லை என்றால், எது இடிக்கிறது என்றாவது தெரிந்துவிடும்.

அதற்காக எல்லாக் கடனும் தீரட்டும் என்று காத்திருப்பதும் சரியல்ல. 35 வயதுக்குப் பிறகு கருத்தரிப்பது கடினமாகிக்கொண்டே போகும். செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் செலவாகும். புதுப்பிப்புக் கடன் ஐந்தாண்டில் முடியும் என்றால், அப்போது மனைவிக்கு வயது என்ன என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.