பட்டியலில் இருக்கிற பெயர்தான் படகில் ஏறணும்

(கச்சத்தீவு புனித அந்தோணியார் திருவிழாவுக்குச் செல்ல விரும்புவோருக்கான முன்விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவங்க, தாய்மார்கள், படகு உரிமையாளர்கள்னு நிறையப் பேர் வந்திருக்கீங்க. முதல் தடவையாகப் போறவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். பாதிக்கு மேல இருக்கீங்க. சரி, இந்தப் பேச்சு முக்கியமா உங்களுக்குத்தான்.

கச்சத்தீவு சுமார் 285 ஏக்கர். அங்கே ஊர் கிடையாது, விடுதி கிடையாது, குடிக்கிற தண்ணீர் ஊறுகிற கிணறும் கிடையாது. முள்செடி, மணல், அந்தோணியார் கோயில், இலங்கைக் கடற்படையின் காவல். அவ்வளவுதான் வருஷம் முழுக்க. பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் இரண்டு நாள் மட்டும் அங்கே ஒரு ஊர் முளைக்கும். பந்தல், கழிப்பறை, குடிநீர், முதலுதவி எல்லாமே அந்த இரண்டு நாளுக்காகப் படகிலும் கப்பலிலும் வந்து இறங்குகிறவை. எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே கணக்கு வைத்துத்தான் இறக்குகிறார்கள்.

அதனால்தான் விண்ணப்பப் படிவத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசப்போறேன்.

1974-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அந்தத் தீவு இலங்கை எல்லைக்குள் போயிட்டுது. ஆனால் நம்ம ஊர் யாத்ரீகர்கள் போய்வர இலங்கை அரசிடம் விசாவோ பயண ஆவணமோ வாங்க வேண்டியதில்லை என்றும் அதே ஒப்பந்தத்தில் இருக்கு. பாஸ்போர்ட் இல்லாமல் இன்னொரு நாட்டு மண்ணில் ஒரு இரவு தங்குறோம். சாதாரண விஷயமா? அப்படியானால் நீங்க யாரு, எந்தப் படகில் வந்தீங்க, திரும்பிப் போனீங்களா என்பதற்கு என்ன சாட்சி? அந்தப் பயணிகள் பட்டியல் ஒன்றுதான். கரையில் அதை வைத்துத்தான் சோதனை. தீவிலும் அதுதான். மறுநாள் திரும்பும்போது தலை எண்ணுவதும் அதை வைத்துத்தான்.

இப்ப ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. அம்மா பேர்ல பதிஞ்சாச்சு. கடைசி நேரத்துல அம்மாவுக்கு முட்டி வலி. "காசு கட்டியாச்சே, சித்தி போகட்டும்"னு அனுப்பிடறாங்க. கரையில் பிடிபட்டா சித்தி வீட்டுக்குத் திரும்பிடுவாங்க, பரவாயில்லை. பிடிபடாமப் போயிட்டா? அங்கே சித்திக்கு மயக்கம் வந்தா பட்டியலைப் பார்த்து எந்தப் பேரைச் சொல்வாங்க? கூட்டத்தில் அவங்க தவறிட்டா, வந்தவர் என்று கணக்கில் இல்லாத ஒருத்தரை யார் தேடுவாங்க? வேற நாட்டு எல்லையில, தாயீ! ஆகவே வர முடியலைன்னா பேரை எடுக்கச் சொல்லுங்க. ஆள் மாற்றி அனுப்பாதீங்க. ஆதார் அட்டையில் இருக்கிற பெயரை அப்படியே படிவத்தில் எழுதுங்க, இனிஷியல் உட்பட. அசல் அட்டை கையில் இருக்கணும், போனில் எடுத்த படம் போதாது. ஒதுக்கிய படகில்தான் ஏறணும். போன படகிலேயே திரும்பணும். "மச்சான் அந்தப் படகுல இருக்கான்"னு மாறி ஏறினால் இரண்டு படகின் கணக்கும் குழம்பும், எல்லாரும் வெயிலில் காத்துக் கிடக்கணும்.

படகுக்காரங்களுக்கு ஒரே வார்த்தை. உயிர்காப்பு மிதவைச் சட்டை எண்ணிக்கையும் தலை எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கட்டும். குழந்தைக்குத் தனியாக, குழந்தை அளவில்.

தண்ணீர் கொண்டுபோங்க. அங்கேயும் தருவாங்க, ஆனாலும் கொண்டுபோங்க. பகலில் வெயில் கொளுத்தும், ராத்திரி பனி இறங்கும். விரிக்க ஒன்று, போர்த்த ஒன்று, ஒரு டார்ச். சர்க்கரை, பிரஷர் மாத்திரை மூன்று நாளைக்கு எடுத்து, பாலித்தீன் பையில் கட்டாமல் சின்ன டப்பாவில் போட்டு, கைப்பையில் வையுங்க. கர்ப்பிணிகளும், இதயநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவங்களும் இந்த வருஷம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரிய ஆஸ்பத்திரி வேணும்னா எந்தப் பக்கமும் கடல் தாண்டணும். சாமி கோவிச்சுக்க மாட்டார்.

போன் சிக்னலை நம்பாதீங்க. வீட்டில் இருக்கிறவங்களிடம் படகின் பதிவெண்ணை எழுதிக் கொடுங்க. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்க.

முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப் பாதை, இரவில் தேர்பவனி. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் கிளம்பிடணும். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சோப்பு, தேங்காய் எண்ணெய் விற்பாங்க. ஆசைக்கு வாங்குங்க, மூட்டை கட்டாதீங்க. திரும்பும்போது சுங்கத் துறை பார்க்கும். பல வருஷம் பார்க்காத சொந்தக்காரங்களை அந்த மணலில் சந்திக்கிறவங்களும் உண்டு. அவங்களிடம் பேசவே நேரம் போதாது, கடைக்கு எதுக்குப் போறீங்க?

ஒன்று மட்டும் மனசில் வையுங்க. பதிவு செய்தாலே பயணம் உறுதி என்று இல்லை. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் விழாவே நின்றது. 2021-ல் கொரோனா. 2024-ல் மீனவர் கைதைக் கண்டித்து ராமேஸ்வரம் படகுகள் போகவில்லை. பேர் கொடுத்தவர்கள் கரையிலேயே நின்றார்கள். அதனால் வெளியூரிலிருந்து வருகிறவங்க, படகு கிளம்புவது உறுதியானதும் ரயில் ஏறுங்க.

படிவம் பின்வரிசை மேசையில் இருக்கு. எழுதத் தெரியாதவங்க தயங்காம வாங்க, நம்ம பிள்ளைங்க எழுதித் தருவாங்க. ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கொண்டுவந்தவங்க முதல்ல வரிசையில் நில்லுங்க.