பள்ளியில் படுத்துகிறார்கள் என்றால்: ஆணையம் கேட்கும் முதல் கேள்வி



பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று. "பையனை கிளாஸ்ல நாலு பேர் சேர்ந்து தினமும் படுத்துறாங்க. மனித உரிமை ஆணையத்துல போய்ச் சொல்லலாமா?" சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இன்றைக்கு அதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

முதலில் இதற்குப் பேர். தமிழில் ஒட்டுகிற மாதிரி ஒற்றைச் சொல் இல்லை. கேலி, கிண்டல், சீண்டல் என்றால் விளையாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கொடுமை என்று சொன்னால், "அவ்ளோ பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கும்மா, பசங்கன்னா அப்படித்தான்" என்று பதில் வரும். இலங்கைத் தமிழர்கள் ராகிங்குக்குப் 'பகடிவதை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பகடியும் இருக்கு, வதையும் இருக்கு. நல்ல சொல். டான் ஓல்வேயஸ் என்று ஓர் ஆய்வாளர், ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்தவர், 1970களிலிருந்து இதை ஆராய்ந்தவர். அவர் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிரில் இருப்பவனால் திருப்பிச் செய்ய முடியாத நிலை. இரண்டு பேர் ஒரு நாள் கட்டிப் புரண்டால் அது சண்டை. ஒரே பையனின் டிபன் பாக்ஸ் தினமும் காணாமல் போனால் அது வேறு. புகார் எழுதும்போது இந்த வித்தியாசம் ரொம்ப உதவும், மனசுல வச்சுக்கோங்க.

சரி, ஆணையத்துக்கு வருவோம். 1993இல் வந்த மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் இயங்குகின்றன. புதுச்சேரிக்கென்று தனி மனித உரிமை ஆணையம் கிடையாது. யூனியன் பிரதேசங்களின் மனித உரிமை வேலையை மத்திய அரசு ஏதாவது ஒரு மாநில ஆணையத்திடம் ஒப்படைக்கலாம் என்று 2019 திருத்தம் வழி செய்தது. டெல்லிக்கு மட்டும் விலக்கு. உங்களுக்கு இதில் குழப்பம் வேண்டாம். தேசிய ஆணையத்துக்கே எழுதலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம், வக்கீல் தேவையில்லை. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய மனு என்றால் அவர்களே அனுப்பி வைக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

இப்போதுதான் முக்கியமான இடம். அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு ஆணையம் எதை விசாரிக்கலாம் என்று சொல்கிறது. ஒன்று, மனித உரிமை மீறல், அல்லது அதற்கு உடந்தையாக இருத்தல். இன்னொன்று, அப்படி ஒரு மீறலைத் தடுக்கத் தவறிய பொது ஊழியரின் அலட்சியம். அந்த இரண்டாவதைக் கவனியுங்க. எட்டாம் வகுப்புப் பையன் பொது ஊழியர் கிடையாது. அவன் உங்கள் பிள்ளையை அடித்தான் என்று ஆணையத்துக்கு எழுதினால், அது அங்கே நிற்காது. ஆனால் அரசுப் பள்ளியின் வகுப்பாசிரியர் பொது ஊழியர். தலைமையாசிரியர் பொது ஊழியர். அவர்களுக்குத் தெரிந்திருந்தும் சும்மா இருந்தார்கள் என்றால், அது ஆணையத்தின் வேலை.

அதனால் ஆணையம் கேட்கிற முதல் கேள்வி "யார் அடித்தது?" இல்லை. "யாருக்குத் தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்?"

நம்ம ஊரில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் இருக்காது. ஏனென்றால் எல்லாம் வாய்ப்பேச்சு. பாண்டி சின்ன ஊர். ஆசிரியர் பக்கத்துத் தெருவில் இருப்பார், தலைமையாசிரியர் சொந்தக்காரருக்குத் தெரிந்தவராக இருப்பார். அம்மா கேட் அருகே நின்று, "மிஸ், கொஞ்சம் பாத்துக்குங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வருவார். மிஸ்ஸும் "பாத்துக்கறேம்மா" என்பார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், அப்படி யாரும் வந்து சொன்னதாக ஞாபகம் இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அறுபது பிள்ளைகள், அறுபது அம்மாக்கள். நிஜமாகவே மறந்திருக்கலாம்.

அதனால் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்த்தார்கள், இதற்கு முன் யாரிடம் எப்போது சொன்னீர்கள். 'மிகுந்த மன உளைச்சல்' என்கிற மாதிரி வாக்கியங்களைக் குறைத்துக்கொண்டு, தேதிகளைக் கூட்டுங்கள். கடைசியில், என் பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். நகலில் பள்ளி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். தர மாட்டேன் என்றால், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நகல் ஒன்று அண்ணா நகரில் இருக்கிற பள்ளிக் கல்வி இயக்ககத்துக்கு. கடிதம் போய்ச் சேர்ந்த அந்த நாளிலிருந்து, தெரியாது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, கால வரம்பு. சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது என்று 36ஆவது பிரிவு சொல்கிறது. முழுப் பரீட்சை முடியட்டும், அடுத்த கிளாஸ் போனா சரியாயிடும் என்று தள்ளிப்போட்டால், அந்த ஒரு வருடம் எப்படிப் போனது என்றே தெரியாது.

இப்ப நாங்குநேரியைப் பற்றிச் சொல்லியாகணும். 2023 ஆகஸ்ட் 9. திருநெல்வேலி மாவட்டம். வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவர். கூடப் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் அவரைத் தொடர்ந்து படுத்தியிருக்கிறார்கள். அவர் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தார்கள், விஷயம் வெளியே வந்தது, புகாரும் போனது. அன்று இரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. இருவரும் பிழைத்தார்கள். அந்த மாணவர் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதித் தேறினார்.

இந்தச் சம்பவத்தில் சாதியைப் பற்றி நிறையப் பேசினார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த இடைவெளியைப் பற்றி. புகார் சொன்ன நேரத்துக்கும் வெட்டு விழுந்த நேரத்துக்கும் நடுவே சில மணி நேரம். படுத்தப்படுகிற பிள்ளைக்கு ரொம்ப ஆபத்தான நேரம் அதுதான், வாயைத் திறந்ததற்குப் பிறகு வருகிற நேரம். பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். "யார்கிட்டயும் சொல்லாதம்மா, சொன்னா இன்னும் அதிகமாயிடும்" என்று பிள்ளை கெஞ்சினால், அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. சரியான கணக்கு. அதனால்தான் கடிதத்தில், இன்று மாலை என் பிள்ளை எப்படி வீட்டுக்கு வரும் என்கிற கேள்வியையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். பல பள்ளிகளில் செய்வது என்ன? இரண்டு தரப்பையும் ஒரே அறையில் நிற்க வைத்து, "கை குடுத்துக்குங்கடா" என்பது. இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. யார் போட்டுக்கொடுத்தது என்று பெயரோடு அறிவிக்கிற மாதிரிதான் அது.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு போட்டது. 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தார். கையில் கட்டுகிற சாதிக் கயிறு பற்றிய பரிந்துரைதான் செய்தியில் அதிகம் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: 500 மாணவர்களுக்கு மேல் இருக்கிற பள்ளிகளுக்கு ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. பாடம் நடத்தாத, மதிப்பெண் போடாத, பிள்ளை போய்ப் பேசுகிற மாதிரி ஒரு ஆள். அந்த அறிக்கை தமிழ்நாட்டுக்குத்தான். ஆனால் எல்லைக்கு அந்தப்பக்கம் கோட்டக்குப்பத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தேவையானது, இந்தப்பக்கம் முத்தியால்பேட்டையில் இருக்கிற பிள்ளைக்குத் தேவையில்லாமல் போகுமா?

புதுச்சேரிக்கு இன்னொரு விஷயம் இருக்கு, பலர் கவனிக்காதது. நமக்குச் சொந்தப் பாடத்திட்ட வாரியம் கிடையாது. ரொம்ப காலம் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டையும், மாஹே கேரளாவையும், ஏனாம் ஆந்திராவையும் பின்பற்றின. 2023-24லிருந்து நம்ம அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின. பாடம் கஷ்டமா, பிள்ளைகளுக்குப் புரியுமா என்றுதான் எல்லாரும் பேசினோம். ஆனால் பாடத்திட்டத்தோடு இன்னொன்றும் வந்தது. 2015 மார்ச்சில் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. புல்லியிங், ராகிங் இரண்டையும் தடுக்கப் பள்ளியில் ஒரு குழு இருக்க வேண்டும்; அதில் மூத்த ஆசிரியர், ஆலோசகர், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பிரதிநிதி எல்லாம் இருக்க வேண்டும் என்று. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "சார், நம்ம பள்ளியில அந்தக் குழு இருக்கா? யார் யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். சும்மா கேளுங்கள். பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பள்ளி என்றால்? அங்கே ஆசிரியர் பொது ஊழியர் இல்லை, மனித உரிமை ஆணையத்தின் வழி குறுகலாகிவிடும். கல்வித் துறைக்கு எழுதி, துறை அசையவில்லை என்றால்தான் அந்த அலட்சியத்தைக் காட்டி ஆணையத்துக்குப் போக முடியும். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. ஆசிரியரை மனதில் வைத்து எழுதியதுதான். இருந்தாலும் பிள்ளையின் புகாரைக் கேட்டுச் சிரித்த ஆசிரியருக்கும், வகுப்பு முன்னால் அவமானப்படுத்திய ஆசிரியருக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டத்தைக் கண்காணிக்கிற பொறுப்பு குழந்தை உரிமை ஆணையங்களிடம் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அந்த வழி நேரானது.

நாம் பிரெஞ்சு ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம் இல்லையா, அங்கே என்ன ஆனது என்றும் பார்ப்போம். 2022 மார்ச்சில் பிரான்ஸ் பள்ளித் துன்புறுத்தலைத் தனிக் குற்றமாகவே ஆக்கியது. பாதிக்கப்பட்டவர் தற்கொலை செய்துகொண்டாலோ முயன்றாலோ பத்து வருடம் வரை சிறை. இந்த அளவுக்குச் சிறையை நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 2023 ஆகஸ்ட்டில் அவர்கள் கொண்டுவந்த இன்னொரு விதி பிடித்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை இன்னொன்றைத் தொடர்ந்து துன்புறுத்தி, மற்ற வழிகள் பலிக்கவில்லை என்றால், துன்புறுத்துகிற பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றலாம். அதுவரை அங்கேயும் அடிவாங்கின பிள்ளைதான் மாறிக்கொண்டிருந்தது. இங்கே இன்னும் அப்படித்தான். "உங்களுக்குப் பிரச்சினைன்னா டிசி வாங்கிக்குங்கம்மா." அந்த வாக்கியம் உங்களிடம் சொல்லப்பட்டால், தேதியோடு அதையும் கடிதத்தில் எழுதுங்கள். அலட்சியத்துக்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

படுத்துகிற பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் பிள்ளைதான். 2015 இளைஞர் நீதிச் சட்டமும் அதன் விதிகளும், கொடிய குற்றம் இல்லாவிட்டால் பொதுவாக எஃப்ஐஆர் போடக் கூடாது என்றே சொல்கின்றன. போலீஸ் வந்து நாலு தட்டு தட்டினால் சரியாகும் என்று கேட்பவர்கள் உண்டு. தட்டிய பிறகு அவன் யாரிடம் போய்க் கோபத்தைக் காட்டுவான் என்றும் யோசியுங்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, பாலியல் சீண்டல், இதெல்லாம் நடந்தால் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அதைப் பள்ளிக்குள் பேசி முடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆணையத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அது தண்டனை தராது, பரிந்துரைதான் செய்யும்: இழப்பீடு கொடுங்கள், நடவடிக்கை எடுங்கள் என்று. நேரமும் ஆகும். ஆனால் பள்ளியிடம் அறிக்கை கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தாலே, அதுவரை தூங்கிய கோப்பு எழுந்துகொள்வது உண்டு. பிள்ளை சார்பில் வேறு யாரும்கூட மனு போடலாம், பக்கத்து வீட்டுக்காரர், பழைய டீச்சர், யாராக இருந்தாலும்.

அவசரம் என்றால் 1098, குழந்தைகள் உதவி எண். மனு எழுத ஆள் இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம், வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. போகும்போது அந்த முத்திரை போட்ட நகலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்க.