அரைஞாணைக் கேளுங்கள்



‘உணவும் உடல் எடையும்’ என்று வாசகர் வட்டத்தார் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊரில்? விருதுநகரில்! பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்து, மொறுமொறுவென்று நொறுக்கி, மேலே சால்னா ஊற்றித் தருகிற ஊரில் நின்று கொழுப்பைப் பற்றிப் பேசு என்கிறார்கள். (கைதட்டல்) அடேயப்பா, பரோட்டாவுக்கா இத்தனை கைதட்டல்? நான் உட்கார்ந்துவிடவா?

பரோட்டாவுக்கு நான் விரோதி இல்லை, ஐயா. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. அதை நினைவில் வைத்துக்கொண்டு என்றைக்கோ ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிடுங்கள். தினமும் ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு, கை கழுவிய ஈரம் காயுமுன் படுக்கப் போகிறவனை எந்த வைத்தியர் காப்பாற்றுவார்?

இந்த மண்ணில் 1903-ல் ஒருவர் பிறந்தார். பெயர் சொல்ல மாட்டேன். (பலத்த கைதட்டல்) பார்த்தீர்களா! பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். அன்று அவர் கவலையெல்லாம் ஒட்டிய வயிறு. இன்று? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பத்துப் பெண்களில் நாலு பேருக்கு எடை கூடுதல். ஆம்பிளைகள் சிரிக்காதீர்கள், நீங்களும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறீர்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையார். இடுப்பில் வெள்ளி அரைஞாண். பொங்கலுக்குப் பொங்கல் ஆசாரியை வரவழைத்து ஒரு வளையம் சேர்ப்பார். ‘வளர்கிற குடும்பம்டா’ என்று வயிற்றைத் தடவிக்கொள்வார். ஒரு வருஷம் ஆசாரி கைகூப்பிவிட்டான். “எசமான், இதுவரைக்கும் என்னால ஆச்சு. இனிமே ஆண்டாள் கோயில் தேர்வடம் திரிக்கிறவனைக் கூப்பிடுங்க!” (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்தாயிற்றா? இப்போது அவரவர் அரைஞாணைத் தொட்டுப் பாருங்கள். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. நம் இந்திய உடம்புக்கு அதைத் தாண்டினால் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வர வழி திறந்துவிடும். கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னே போகும். எடை மிஷின் அதைச் சொல்லாது, கயிறு சொல்லும்.

எப்படி வந்தது இந்த வயிறு? கிட்டங்கியில் மூட்டை தூக்கிய தாத்தா குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு சாப்பிட்டார். சாயங்காலத்துக்குள் வேர்வையாகப் போனது. அதே கிட்டங்கியில் கம்ப்யூட்டரில் மூட்டைக் கணக்குத் தட்டுகிற பேரனுக்கும் அதே மூன்று சோறு! பொரியல் மட்டும் ஊறுகாய் அளவு. தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்கிறது ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது போக டீ. ஒரு நாளைக்கு ஆறு, ஆறுக்கும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு 5 கிராம் போட்டால் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25-க்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. டீக்கடை பெஞ்சிலேயே இரண்டு நாள் கணக்கை முடித்துவிடுகிறோம்!

சோற்றைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் வந்தேன். (“சொல்லுங்க!”) போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு பட்டிமன்றம். யார் நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள். ‘உணவே மருந்து’ என்று தலைப்பு. பந்தலில் பிரியாணிப் பொட்டலம், வாசலில் எடை குறைக்கும் பொடி டப்பா! உள்ளே ஏற்றிவிட்டு வெளியே இறக்குகிற வியாபாரம்! மேடைக்குப் பின்னால் யார் படம்? பிள்ளைகளுக்குச் சோறு போட்டாரே, அவர் படம்! நடுவர் தீர்ப்புச் சொல்லும்போது பந்தலில் மைக்செட்காரர் ஒருவர்தான் மிச்சம். பிரியாணி தீர்ந்ததும் தமிழும் தீர்ந்துவிட்டது! (நீண்ட கைதட்டல்)

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வடை கேசரி வேண்டாம், தட்டைப்பயறுச் சுண்டல் போடுங்கள். வாசலில் ஒருவர் அளவு நாடாவோடு நிற்கட்டும். முதலில் என்னை அளந்து பாருங்கள், பிறகு தலைவரை. அந்தப் பட்டிமன்றக்காரர்களுக்கும் மறக்காமல் அழைப்பு அனுப்புங்கள். நாடாவை மட்டும் கொஞ்சம் நீளமாக வாங்கிவிடுங்கள்.