ஒரு சொல்லின் சுமை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் புலவனல்லன், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் சரக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும் நாள்தோறும் என் மேசையில் புரளும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சிறிது பேச விழைகிறேன். 'சார்ஜ்' என்பதே அச்சொல்.

பார்சலுக்கு நாங்கள் வாங்கும் கட்டணம் சார்ஜ். புதிய ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பேற்றால் அதுவும் சார்ஜ். ஊழியர்மீது சாட்டப்படும் குற்றமும் சார்ஜ். பீரங்கியில் இடும் வெடிமருந்து சார்ஜ். பேட்டரியில் ஏற்றும் மின்சாரம் சார்ஜ். பௌதிக நூலைத் திறந்தால், கண்ணுக்குப் புலப்படாத எலெக்ட்ரானுக்கும் ஒரு சார்ஜ் உண்டு.

ஒன்றற்கொன்று உறவற்ற இப்பொருள்கள் எவ்வாறு ஒரே சொல்லில் குடிபுகுந்தன? இலத்தீன் மொழியில் வண்டிக்குக் 'கார்ருஸ்' என்று பெயர். அதிலிருந்து 'வண்டியில் சுமையேற்று' என்னும் வினை பிறந்தது. அது பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்தை அடைந்து 'சார்ஜ்' ஆயிற்று. 'கார்', 'கார்கோ' என்பனவும் அதன் உடன்பிறப்புகளே. ஆகவே சுமை ஒன்றுதான். ஏற்றும் இடமே வேறு. தோளில் ஏற்றினால் பொறுப்பு. பணப்பையில் ஏற்றினால் கட்டணம். தலையில் ஏற்றினால் குற்றம்!

அச்சுமையை இறக்குவதே 'டிஸ்சார்ஜ்'. அணை திறந்து நீர் வெளியேறுவதும் டிஸ்சார்ஜ். நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதும் டிஸ்சார்ஜ். தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதும் டிஸ்சார்ஜ்.

இச்சொல் என் வீட்டில் விளைத்த துன்பத்தைக் கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் டைபாய்டு கண்டு மருத்துவமனையில் கிடந்தேன். பெற்றோர் கலங்குவரென்று ஊருக்கு அறிவிக்கவில்லை. நான் தேறியதும், இதையறியாத நண்பரொருவர் எங்களூர் மளிகைக் கடைக்குத் தொலைபேசியில் "பையன் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டான் என்று அவன் அப்பாவிடம் சொல்லுங்கள்" என்றார். என் தந்தையாரோ பஞ்சாலையில் உழைத்தவர். அவரறிந்த டிஸ்சார்ஜ் ஒன்றே: ஆலைக் கதவுக்கு வெளியே நிறுத்தப்படுவது!

அன்னையின் சங்கிலியை அடகு வைத்து, அப்பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, இரண்டு இரவு ரயிலில் வந்து என் வாயிலில் நின்றார். "வேலை போனால் போகட்டும், தம்பி. ஊருக்கு வந்துவிடு" என்றார். போனது வேலையன்று, நோய்தான் என்று விளக்கியபோது அவர் கண்கள் கலங்கின. அது மகிழ்ச்சியாலோ, நான் நோயை மறைத்த வருத்தத்தாலோ, இன்றளவும் அறியேன். சங்கிலியை மீட்க எட்டு மாதங்கள் ஆயின.

'குணமாகி வீடு திரும்பினான்' என்று சொல்லியிருந்தால் போதுமே! அலுவலகத்துக்கு ஆங்கிலமும் கடைத்தெருவுக்கு இந்தியும் நமக்கு வேண்டும், அவற்றை இகழேன். குழந்தைகளே, ஓர் ஆங்கிலச் சொல்லைக் கற்கும்போது அதன் வேரையும், அது வழங்கும் இடங்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள தாத்தா பாட்டியோடு பேசும்போது மட்டும், அவர்கள் நெஞ்சில் வீண் சுமையை ஏற்றாத தமிழில் பேசுங்கள்.