தோற்ற ஆண்டின் கணக்கு

புதிதாக ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராகச் செல்பவரை ஊரார் முதலாண்டுத் தேர்வு முடிவைக் கொண்டே எடைபோட்டு விடுவார்கள். தேர்ச்சி விழுக்காடு ஏறினால் கெட்டிக்காரர், இறங்கினால் கையாலாகாதவர். அவ்விரண்டு பட்டங்களையும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற்றவன் நான். ஆதலால், புதிய பயிற்சியாளர் ஒருவரின்கீழ் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் தோற்ற கல்லூரிக் குழு ஒன்றின் வரலாற்றைப் படித்தபோது, அது கடல்கடந்த நாட்டுச் செய்திதானே என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1954ஆம் ஆண்டு நடந்தது அது.

அந்நாட்டார் கால்பந்து என்று சொல்லுவது நாம் அறிந்த ஆட்டமன்று. பந்து உருண்டையாய் இராது. இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். ஏந்தி ஓடுபவனை எதிர்ப்பக்கத்தார் மோதி வீழ்த்தலாம். தலைக்கவசமும் தோள் மெத்தையும் அணிந்து, 100 கெஜ நீளக் களத்தில் பக்கத்துக்குப் 11 பேராக நின்று மோதுவர். அக்காலக் கல்லூரி விதிப்படி ஆட்களை விருப்பம்போல் மாற்ற முடியாது. தாக்கியவர்களே நின்று தடுக்கவும் வேண்டும். இவ்விதியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

டெக்சஸ் வேளாண்மை எந்திரத் தொழிற் கல்லூரி அந்நாளில் ஆடவர் மட்டுமே பயின்ற, படைப்பயிற்சி மிக்க கல்லூரி. அங்கே 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயிற்சியாளராக வந்தவர் பால் பிரையண்ட். ஆர்க்கன்சா மாநிலத்து ஏழை உழவர் குடியில் பிறந்தவர். சிறுவனாய் இருக்கையில் கரடியோடு மற்போர் புரிந்தாராம். ‘கரடி’ என்பதே அவருக்குப் பட்டப்பெயராய் நிலைத்துவிட்டது. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்டுகள் பணியாற்றிப் பெயர் பெற்றவர். வந்தவர் தம் குழுவைப் பார்த்தார், மனம் நிறையவில்லை. பத்திரிகைக்காரரும் பழைய மாணவரும் எட்டிப் பாராத ஓரிடத்தில் இவர்களைப் புடம்போட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அவ்விடம் ஜங்ஷன் என்னும் சிற்றூர். கல்லூரிக்கு அங்கே ஒரு கிளை நிலம் இருந்தது. டெக்சஸ் மாநிலம் பல ஆண்டுப் பஞ்சத்தில் காய்ந்து கிடந்த காலம். புல் கருகி, கல்லும் நெருஞ்சி போன்ற முள்ளும் நிறைந்த தரை; நூறு பாரன்ஹீட்டைத் தாண்டிய வெயில். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் பத்து நாள் பயிற்சி. வைகறையில் தொடங்கும் பயிற்சியின் இடையே பருகத் தண்ணீர் கிடையாது! தண்ணீர் குடித்தால் ஆட்டக்காரன் மெலிவான் என்று அந்நாளைய பயிற்சியாளர் பலரும் நம்பினர். ஒரு மாணவர் வெப்பத் தாக்கால் வீழ்ந்து, உயிர் பிழைத்ததே அரிதாயிற்று. நாள்தோறும் சிலர் மூட்டை கட்டினர். சிலர் இரவோடிரவாக நழுவினர். சென்றவர் ஏறத்தாழ நூறு பேர் என்பர். எஞ்சியவர் சற்றேறக்குறைய 35 பேர். இரண்டு பேருந்துகளில் போய் ஒரே பேருந்தில் திரும்பினோம் என்று, எஞ்சியவருள் ஒருவரான ஜீன் ஸ்டாலிங்ஸ் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு.

அப்படி வடித்தெடுத்த குழு எப்படி ஆடிற்று? முதல் ஆட்டத்திலேயே டெக்சஸ் டெக் கல்லூரியிடம் 41க்கு 9 என்று தோற்றது. ஜார்ஜியாவை மட்டும் 6க்கு 0 என்று வென்றது. பத்து ஆட்டங்களில் அந்த ஒன்றே வெற்றி. மற்றை ஒன்பதும் தோல்வி. ஆனால் தோல்விகளைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஹூஸ்டனிடம் மூன்று புள்ளி வேறுபாடு. தென் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்திடமும் மூன்றே புள்ளி. டெக்சஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்திடம் 21க்கு 20, ஒரே புள்ளி! தாக்கியவரே தடுக்கவும் வேண்டிய ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதியில் களைத்தவனுக்குப் பதிலாக இறக்க ஆள் வேண்டாமா? அந்த ஆட்கள் ஜங்ஷனிலிருந்து ஊர் திரும்பி விட்டார்கள். இது என் ஊகமே. எனினும் வலுவான ஊகம் என்றே கருதுகிறேன்.

அடுத்த ஆண்டு அக்கல்லூரி ஏழு ஆட்டங்களில் வென்றது. 1956இல் ஒன்பது வெற்றி, ஒரு சமநிலை, தோல்வியே இல்லை. தென்மேற்கு வட்டாரத்தின் முதலிடம். உடனே கதை பிறந்துவிட்டது: ஜங்ஷன் வெயிலில் காய்ந்ததால்தான் இவர்கள் வைரம் பாய்ந்தார்கள் என்று. 1999இல் அதைப் பற்றி நூலும், 2002இல் தொலைக்காட்சிப் படமும் வந்தன. தோல்வியுற்ற ஆண்டே வெற்றிக்கு வித்து என்று கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1957ஆம் ஆண்டு நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் பரிசைப் பெற்ற ஜான் டேவிட் குரோ ஜங்ஷனுக்குப் போனவரே அல்லர். 1954இல் அவர் முதலாண்டு மாணவர். முதலாண்டினர் பெருங்குழுவில் சேர அன்றைய விதி இடந்தரவில்லை. அன்றியும், ஆட்டக்காரரைச் சேர்த்த முறையில் விதிமீறல் கண்டு, தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் அக்கல்லூரியைத் தண்டித்தது. 1956இல் முதலிடம் பெற்றும் ஆண்டிறுதிச் சிறப்பாட்டத்தில் ஆட முடியாது போயிற்று. வெற்றிக்குப் புதிய நல்ல ஆட்கள் வந்ததும் ஒரு காரணம் அன்றோ? வெயிலின் கணக்கில் முழுவதையும் எழுதுவது நேர்மையாகாது.

பிரையண்ட் சிறியவர் அல்லர். 1958 முதல் அலபாமாவில் ஆறு முறை தேசியப் பட்டம் வென்றார். 38 ஆண்டுகளில் 323 வெற்றிகள் கண்டார். வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஆண்டு அவருக்கு 1954 ஒன்றுதான். அவரை நான் மதிப்பது இவற்றுக்காக அன்று. 1970களில் வெளிவந்த தம் வரலாற்றில், தண்ணீரும் ஓய்வும் தராமற் போனது தம் அறியாமை என்றும், அம்மாணவருள் ஒருவராகத் தாம் இருந்திருந்தால் தாமும் விலகியிருக்கக் கூடும் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்தவர் இப்படி எழுதுவது எளிதன்று. அவருடைய அறியாமை அவரோடு போய்விடவும் இல்லை. 2018இல்கூட மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது வெப்பத் தாக்குற்ற 19 வயது மாணவர் ஒருவர் உயிர் நீத்தார்.

1979இல், நிலைத்து நின்றவர்கள் ஜங்ஷனில் மீண்டும் கூடினர். தம் பயிற்சியாளருக்கு மோதிரம் ஒன்று அளித்தனர். விலகிச் சென்றவர்களுக்கு அந்த மோதிரக் கதையில் இடமில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு தேர்ச்சி இறங்கியதும் எனக்கு ரோஷம் பிறந்தது. மறு ஆண்டு பத்தாம் வகுப்புக்கு விடியற்காலை ஐந்து மணிக்குச் சிறப்பு வகுப்பு வைத்தேன். வராதவன் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். ஆறு பேர் பள்ளியை விட்டே நின்றுவிட்டனர். ஆண்டிறுதியில் விழுக்காடு ஏறிற்று, மாலை போட்டார்கள். தேர்வெழுதாத அறுவரை விழுக்காட்டில் சேர்க்க வேண்டியதில்லை அல்லவா?

பல ஆண்டுகள் கழித்து, பேருந்து நிலையத்துப் பழக்கடையில் அவர்களுள் ஒருவனைக் கண்டேன். எழுந்து நின்று வணங்கினான். பழத்துக்குக் காசு வாங்க மறுத்தான். ஏன் நின்றாய் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவனே சொன்னான்: “மாட்டைக் கறந்து வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் ஆறரை ஆகிவிடும், ஐயா. வகுப்பு முடிந்துவிடும்.”

அதை அவன் அன்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.