பண்ணை முகாமுக்குப் போகலாமா? நேரில் பார்த்து வந்த விவரம்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் சுற்றுலாக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நாம் 60 பேர் ஓர் இரவு தங்கி வரலாம் என்று, பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைப் பக்கம் ஒரு பண்ணை முகாமைப் பேசி வைத்திருந்தோம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நேரில் பார்த்து வரச் சொல்லி எங்கள் மூவரையும் அனுப்பினீர்கள். போன ஞாயிறு காலை உக்கடத்தில் பஸ் ஏறிப் போய், இருட்டும்வரை இருந்து பார்த்துவிட்டு வந்தோம். பண்ணையின் பெயரை இங்கே சொல்லவில்லை. உரிமையாளர் குறைகளைச் சரிசெய்ய அவகாசம் கேட்டிருக்கிறார். அதைக் கொடுப்பதுதான் முறை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அருமையான தென்னந்தோப்பு. பழைய ஓட்டுச் சாளை, முன்னால் பெரிய களம், கட்டுத்தறியில் கன்றுக்குட்டி. நம் பிள்ளைகள் செல்போனைத் தொடவே மாட்டார்கள். மதியம் போட்ட சந்தகையும் தேங்காய்ப்பாலும் இன்னும் நாக்கில் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் பொய் இல்லை. படத்தில் வராதவற்றைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம்.

முதலில் கழிப்பறை. நம் ஏரியாவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருப்பதால், நாற்றத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே இருப்பது இரண்டு கழிப்பறை. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. இரண்டும் குந்தி உட்காரும் வகை. முழங்கால் வலி உள்ள நம் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? வெள்ளம், நிலநடுக்கம் என்று வந்தவர்களைத் தங்கவைக்கும் முகாமுக்கே 20 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்கிறது ஸ்ஃபியர் என்ற சர்வதேசக் கையேடு. அந்தக் கணக்கில் நமக்கு மூன்று. காசு கொடுத்துப் போகும் இடம் நிவாரண முகாமைவிடக் குறைவாக இருக்கக் கூடாதல்லவா?

அடுத்தது தண்ணீர். அதே கையேடு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. 60 பேருக்கு 900 லிட்டர். மேலே இருக்கும் தொட்டியே 1,000 லிட்டர்தான். காலையில் எல்லோரும் குளிக்க நின்றால் பாதிப் பேருக்குத் தண்ணீர் இருக்காது. மும்முனை மின்சாரம் வந்தால்தான் மோட்டார் போட முடியும் என்கிறார்கள். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்டோம். சரியான பதில் இல்லை.

மூன்றாவது, எங்கள் மூவரையும் பேசவிடாமல் செய்தது. தோப்புக்கு நடுவே பெரிய கிணறு. மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் உண்டு. மோட்டார் இருக்கும் பக்கம் திறந்து கிடக்கிறது. அங்கிருந்து நாற்பது அடி தள்ளி, வற்றிப்போன பழைய போர்வெல் ஒன்று. வாயில் சாக்கு, அதன் மேல் ஒரு கல். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போர்வெல்லில் விழுந்தது. தீபாவளியைக்கூட மறந்து நாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். உயிரோடு மீட்க முடியவில்லை. கைவிட்ட போர்வெல்லை மண்ணும் கல்லும் போட்டுத் தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. சாக்கு அதற்கு ஈடாகாது.

நான்காவது, இரவு. சாளையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை. படுக்கை தரையில் பாய். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். வலி அதிகம் தெரியாது. பூச்சி என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள். கட்டில் வேண்டும், இல்லையென்றால் கொசுவலையை பாய்க்கு அடியில் நன்றாகச் செருகியாவது படுக்க வேண்டும். அங்கிருந்து பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கு வண்டியில் முக்கால் மணி நேரம். 108ஐ அழைக்க செல்போன் சிக்னல் களத்தில் மட்டும்தான் கிடைக்கிறது. காடும் தூரமில்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கப் போன இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதனால் தோப்போரம் போட்டிருக்கும் கூடாரங்கள் நமக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமையல், பாத்திரம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே அம்மா. அறுபது வயது இருக்கும். "போறவங்க ஆளுக்கு ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திட்டுப் போனாப் போதுமுங்க, நானும் ஒரு ஆளுதானுங்களே" என்றார். பராமரிப்பு சரியில்லை என்று குறை எழுதி வந்த எங்களுக்கு அதற்குப் பதில் இல்லை. எங்கே போனாலும் அந்த இரண்டு பக்கெட் நம் பொறுப்பு.

உரிமையாளரிடம் ஐந்து வேலைகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம்: போர்வெல்லை நிரப்புவது, கிணற்றுச் சுவரை முடிப்பது, மேற்கத்திய வகையில் மூன்றாவது கழிப்பறை கட்டுவது, வழிவிளக்கு போடுவது, தொட்டியைக் கழுவி இன்னொரு தொட்டி வைப்பது. சுற்றுலாத் துறையில் பதிவு உண்டா என்றும் கேட்டிருக்கிறோம். முதலில் முகம் சுளித்தார். கிளம்பும்போது, "உங்க பிள்ளைகளுக்காகக் கேக்கறீங்க, எங்க பேரனும் இங்கதான் விளையாடறான்" என்று அவரே சொன்னார்.

ஆகவே எங்கள் பரிந்துரை: இந்த விடுமுறையில் அங்கே போக வேண்டாம், பகலில்கூட. ஐந்தும் முடிந்ததும் நாங்களே மறுபடி போய்ப் பார்க்கிறோம். சரியாக இருந்தால் கோடை விடுமுறையில் தங்கலாம். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான், திட்டுவதானால் எங்களைத் திட்டட்டும்.

கடைசியாக ஒன்று. அன்றிரவு வீடு திரும்பியதும் டார்ச் எடுத்துக்கொண்டு போய் நம் பின்வாசல் சம்ப் மூடியைப் பார்த்தேன். கீல் உடைந்து எத்தனை மாதமோ. மூடியின் மேல் ஒரு கல் வைத்திருக்கிறோம். பண்ணைக்காரரிடம் கேட்டதை முதலில் நம்மிடம் கேட்போம்ங்க. அந்த மூடியை மாற்ற இன்றே தீர்மானம் போடும்படி கேட்டு முடிக்கிறேன்.