நெகட்டிவ் யார் கையில்?

(செம்பரம்பாக்கத்தில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பழைய நெகட்டிவ்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்த ஒரு ஸ்கேனர் வாங்கணும், எது நல்லதுன்னு கேட்டிருந்தீங்க. மெஷின் பேரைச் சொல்றதுக்கு முன்னால, இது எதுக்குன்னு தெளிவாகிடுவோம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914 வரை நடத்திய 'தமிழன்' இதழின் பழைய பிரதிகளைச் சிலர் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர் எழுத்துகளைத் தொகுத்துக் கொண்டுவர முடிந்தது. காகிதத்துக்கு நடந்தது படத்துக்கும் நடக்கணும். பெரிய பத்திரிகைகளில் சேரி எப்போது படமாக வந்தது? பெரும்பாலும் குடிசை எரிந்தபோதும் பிணம் விழுந்தபோதும்தான். சிலை திறப்பு, இரவுப் பள்ளி, ஊர்வலம், கல்யாணம், இதையெல்லாம் எடுத்தது தெருமுனை ஸ்டுடியோக்காரரும் நம்ம தோழர்களும்தான். அந்தச் சுருள்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில கிடக்குது.

எத்தனை நாளைக்குக் கிடக்கும்? 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரைக் குடிசைகளில் துணிமணி, சர்டிபிகேட், போட்டோ எல்லாம் போச்சு. ஃபிலிம் மேல இருப்பது ஜெலட்டின். நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. வெள்ளமே வராவிட்டாலும் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அசிடேட் ஃபிலிம் தானாகச் சிதையும். டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால், அந்தச் சுருளைத் தனியே வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்க.

இப்போ மெஷினுக்கு வருவோம். கடைக்குப் போறதுக்கு முன்னால பெட்டியைத் திறந்து எண்ணுங்க. 35 மி.மீ. எத்தனை, ஸ்டுடியோக்காரரின் அகலமான 120 சுருள் எத்தனை? கருப்பு வெள்ளை எத்தனை, கலர் எத்தனை? பாதி விடை அங்கேயே இருக்குது.

எல்லாமே 35 மி.மீ. என்றால் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் மாதிரி ஃபிலிமுக்கென்றே செய்த சின்ன ஸ்கேனர் போதும். 120 இருந்தால் அது அதில் நுழையாது. எப்சன் வி600, வி850 மாதிரி, மூடியிலிருந்தும் ஒளி பாய்ச்சும் தட்டை ஸ்கேனர் வேணும். நிக்கான் கூல்ஸ்கேன் பேர்போனதுதான். ஆனால் தயாரிப்பு நின்று பல வருஷமாச்சு. பழசாகத்தான் கிடைக்கும், கெட்டுப்போனால் உதிரிபாகம் தேடி அலையணும்.

தூசி, கீறலைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பாங்க. கலர் நெகட்டிவுக்கு அது உதவும். பழைய கருப்பு வெள்ளை ஃபிலிமில் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பு ஒளியை மறித்துவிடும். மெஷின் உருவத்தையே தூசின்னு நினைச்சுக்கும். ஆக, ஊட்டியில் தயாரான 'இந்து' கருப்பு வெள்ளை ஃபிலிம்தான் உங்க பெட்டியில நிறைய இருக்குன்னா, அந்த வசதிக்குப் பணம் கொடுக்காதீங்க. ஊதுபந்தும் பொறுமையும் போதும்.

7200 டிபிஐ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்கிடாதீங்க. உண்மையில் பிரித்துக் காட்டும் திறன் அதைவிடக் குறைவு. 3000 டிபிஐயில் ஒரு 35 மி.மீ. படம் சுமார் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளாக வரும். 14 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சடிக்கலாம். ஒரு படத்துக்கு 4 நிமிஷம் என்று வைத்தாலும் 36 படச் சுருளுக்கு 2 மணி 24 நிமிஷம். ஆகவே மெஷினைவிட முக்கியம், முறை வைத்து உட்காரும் ஆட்கள்.

இன்னொன்று. ஸ்கேனரின் சட்டம் ஃபிலிமின் ஓரத்தை மறைத்துவிடும். ஓரத்தில்தான் படத்தின் வரிசை எண் இருக்குது. கல் எறிந்தது முதலிலா, தடியடி முதலிலா என்ற கேள்வி வரும்போது, எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் என்பதே சாட்சி. பத்திரிகை ஒரு படத்தை வெட்டிப் போடும். சுருள் முழுசாகப் பேசும். அதனால் ஒவ்வொரு துண்டையும் ஒளிப்பலகை மேல் வைத்து, ஓரம் தெரிய, செல்போனிலாவது ஒரு படம் எடுத்துவையுங்க.

கோப்புகளை டிஃப் வடிவத்தில் மூன்று பிரதி வையுங்க. ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று இப்போதே பெரியவங்களிடம் கேட்டு எழுதுங்க. அந்த அம்மாவும் தாத்தாவும் போய்ச் சேர்ந்தபின் எந்த மெஷினும் பேர் சொல்லாது. ஸ்கேன் ஆயிடுச்சேன்னு நெகட்டிவைத் தூக்கி எறியக்கூடாது. மூலம் அதுதான்.

கடைசியாக, 'கொடுங்க, நாங்க ஸ்கேன் பண்ணித் தர்றோம்'னு யாராவது வந்தால், பிரதி கொடுக்கலாம். நெகட்டிவ் கொடுக்க வேண்டாம். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய வரலாற்றைப் படித்தது போதும். மெஷின் சுமாரானதா இருந்தாலும் பரவாயில்லை. அது நம்ம தெருவில், நம்ம பிள்ளைகள் இயக்கும்படி இருக்கணும். அதுதான் தேர்வு.

ஜெய்பீம்.